வங்கி மேனேஜர் பூ பத்து மணிக்குத் திறக்கும்

மார்ச் 2

என் பூதக்கண்ணாடி மருமகளுக்கு,

இங்கே நான் நலம், உன் அத்தை நலம், என்னால் இந்தத் தெருவே நலம். உன் நலத்தை நீயே எழுது. நான் ஊகித்து எழுதினால் மாமா கூட்டி எழுதிவிட்டார் என்பாய்.

நீ அனுப்பிய நோட்டும் பூப் புத்தகமும் வந்து சேர்ந்தன. தபால்காரர், "என்ன பெயிண்டரே, இந்த வயசுல புத்தகமெல்லாம் வருது?" என்று வாயைப் பிடுங்கினார். "என் அக்கா மகள் தாவர ஆராய்ச்சி நிலையத்துல பெரிய அதிகாரி. என்னைக் கேக்காம ஒரு செடிக்கும் பேர் வைக்க மாட்டா" என்றேன். நீ அங்கே காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்கு எதற்கு?

போனில் சொன்னால் நான் அளந்து விடுகிறேன், இடையில் புக முடியவில்லை, ஆகவே எழுத்தில்தான் வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறாய். நல்லது. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன்தான் நான். ஆனால் காலேஜுக்குள் நாலு வருஷம் இருந்திருக்கிறேன். நாலு மாடிக்கும் பெயிண்ட் அடிக்க அவ்வளவு காலம் ஆனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை நானும் குழாயும் இரும்புப் பாலத்தடியில் இறங்கினோம். குழாயை நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டுக் குளியலறையில் வேலை பார்க்க வந்து, மூன்று மணி நேரத்தில் "ம்" என்று ஒரே வார்த்தை பேசிவிட்டுப் போனானே, அந்த பிளம்பர்தான். வாயைத் திறந்தால் தண்ணீர் வீணாகிவிடும் என்று நினைப்பவன். நான் பேசுவேன், அவன் பார்ப்பான். முப்பது வருஷமாக இப்படித்தான் எங்கள் கூட்டுக் குடும்பம் நடக்கிறது.

பாலத்திலிருந்து வளைவு, வளைவிலிருந்து பம்ப் ஹவுஸ், மொத்தம் மூன்று மைல் நடந்தோம். குளிர் விலகி நாலு நாள் வெயில் அடித்ததும் ஆறு கரையை விட்டு இறங்கியிருக்கிறது. ஈர மண்ணில் எங்கே பார்த்தாலும் பூ. நீ சொன்னபடி, யாரும் கொண்டுவந்து நடாத, இந்த மண்ணிலேயே பிறந்த பூவை மட்டும் எழுதினோம். அதற்கு ஊர்க்காரப் பூ என்று பேர் வைத்தேன். தோட்டத்திலிருந்து தப்பி வந்தது விருந்தாளிப் பூ, அது கணக்கில் இல்லை. முதல் நாளே பதினொன்று!

மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று மஞ்சள், நட்சத்திரம் மாதிரி, தரையோடு தரை. காலையில் போனால் மூடிக் கிடக்கும். பத்து மணிக்குத் திறக்கும், இரண்டு மணிக்கு மூடிவிடும். வங்கி மேனேஜர் என்று எழுதிவிட்டேன். இன்னொன்று வெள்ளை. என்ன கேட்டாலும் குனிந்த தலை நிமிராது. அது தலைமை எழுத்தர். மூன்றாவது ஊதா. தூரத்தில் கொள்ளை அழகு, கிட்டே போனால் முள். அதற்கு உன் அத்தையின் பேரை வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது, காட்டிக் கொடுத்துவிடாதே.

ஒவ்வொரு பூவுக்கும், பெயிண்ட் கலருக்கெல்லாம் நம்பர் போட்ட என் ஷேட் கார்டை எடுத்து இதழோடு வைத்துப் பார்த்து நம்பர் போட்டிருக்கிறேன். மேனேஜர் 61. கிட்டத்தட்ட 61 இல்லை, அச்சு அசல் 61. என் வரிக்குக் கீழே குழாய் முழங்கை வளைவு மாதிரி ஒரு குறி போடுவான். குழாயைப் பொருத்தி, தண்ணீர் விட்டு, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு சாக்கட்டியால் போடும் அதே குறி.

ஒரு கெட்ட செய்தி. கரை நெடுக சிவப்புத் தலை வைத்த மரக்குச்சிகளை நட்டிருக்கிறார்கள். சிமென்ட் சரிவு போட்டு, நடைபாதை போட்டு, தொட்டியில் பூச்செடி வைக்கப் போகிறார்களாம். கேட்டாயா? பூவைப் புதைத்துவிட்டுப் பூ வைக்கிறார்களாம்! நான் இருக்கும்வரை நடக்காது என்று குச்சியிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

உலகம் புகழும் உன் மாமா

*

மார்ச் 8

அன்புள்ள மாமா,

நலம். அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாலத்திலிருந்து பம்ப் ஹவுஸ் வரை வரைபடத்தில் அளந்தேன். தொள்ளாயிரம் மீட்டர். மீதி மைல்களை நீங்கள் எங்கே நடந்தீர்கள் என்று எழுதவும்.

பேர் வைக்காதீர்கள் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். இதழ் எத்தனை, இலை எப்படி, எந்த இடம், எந்தத் தேதி. இவ்வளவுதான் வேண்டும். "உன் அத்தை, ஊதா, முள்" என்பதை நான் எந்தப் புத்தகத்தில் தேடுவது?

ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். உங்கள் நம்பர்களைப் பார்த்துவிட்டு பெயிண்ட் கடைக்குப் போய் அதே ஷேட் கார்டை வாங்கி வந்தேன். எங்கள் சேகரிப்பில் இருக்கும் செடியெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. பழைய குறிப்புகளில் "மஞ்சள்", "இளஞ்சிவப்பு" என்று மட்டும்தான் இருக்கிறது. அந்த மஞ்சள் எந்த மஞ்சள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உங்கள் கரையைப் பார்த்தேன் மாமா. கர்வப்படாதீர்கள். படுவீர்கள்.

குச்சி விஷயமாக விசாரித்தேன். ஏப்ரல் 6-ம் தேதி நகராட்சியில் கருத்துக் கேட்புக் கூட்டம். அங்கே இருப்பது வெறும் களை என்று திட்ட அறிக்கையில் எழுதியிருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் இந்த மாதம் 20-க்குள் எழுத்தில் தரவேண்டும். உங்கள் பட்டியலை முறைப்படி தொகுத்து என் கையெழுத்தில் நான் தருகிறேன். அதற்கு மேல் நான் செய்யக்கூடியது இல்லை.

புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தில் கரைவிளக்கு என்று ஒரு பூ இருக்கிறது, பாருங்கள். பாதுகாக்கப்பட்ட இனம். அது மட்டும் அங்கே இருந்துவிட்டால் யாரும் ஒரு குச்சிகூட நட முடியாது. இருக்காதுதான். இருந்தாலும் கண்ணைத் திறந்து வையுங்கள்.

அத்தையிடம் எதையும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவர் படித்தால் நான் பொறுப்பில்லை.

உங்கள் மருமகள்

*

மார்ச் 17

மருமகளே,

கடிதத்தை அவள்தான் முதலில் பிரித்தாள். அது போகட்டும். "பொண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கித் தராத மனுஷன், ஆத்தங்கரைப் பூவுக்கெல்லாம் நம்பர் போடுறார்" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த ஊரில் யாரும் என்னை நம்புவதில்லை. அவளைத்தான் நம்புகிறார்கள்.

பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி. இருபத்து நாலு!

இருபத்து மூன்று வரை நீ கேட்ட மாதிரியே இதழ், இலை, இடம், தேதி, நம்பர். இருபத்து நாலாவதைக் கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு படி. கரைவிளக்கு! பம்ப் ஹவுஸுக்குக் கீழே, ஆள் போக முடியாத பள்ளத்தில், வேரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மேலே குழாய் பதறுகிறான். கீழே ஆறு வா வா என்கிறது. புல்லை விலக்கினேன். நின்றது! நீலம், தொங்கும் விளக்கு மாதிரி, ஐந்து இதழ், நடுவில் மகரந்தம் திரி மாதிரி. அந்த வெளிச்சத்தில் என் கைரேகை தெரிந்தது. இந்த வயதில் அழுதேன் என்றால் நீ நம்பமாட்டாய்.

அந்த வரியில் குழாயின் குறி இல்லையே என்று பார்க்காதே. அவனுக்கு அன்று வயிறு சரியில்லை.

இனி எந்த இன்ஜினியர் வருகிறான் பார்க்கலாம்.

கண்டுபிடித்தவன்

*

மார்ச் 19

மாமா!!

நாற்காலியிலிருந்து எழுந்து கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் பசையைக் கொட்டிவிட்டார். இன்று மாலையே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கரைவிளக்கு முதல் வரியில், தடித்த எழுத்தில்.

சின்ன வயதில் நீங்கள் சொன்னதையெல்லாம் நம்பாமல் போனதற்கு மன்னிப்பு. முதலை கதையைத் தவிர.

அவசரத்தில்,
மருமகள்

*

மார்ச் 25

மாமாவுக்கு,

கரைவிளக்குக்கு ஆறு இதழ்.

ஐந்து இல்லை, ஆறு. என் மேலதிகாரி நேற்று நகலைப் படித்துவிட்டு என்னை அறைக்குள் கூப்பிட்டார். "இந்தப் பூவை உங்க ஆள் எங்கே பார்த்தார்?" என்று கேட்டார். ஆற்றங்கரையில் என்றேன். அவர் புத்தகத்தை விரித்து முப்பத்தோராம் பக்கத்தைக் காட்டினார். அங்கே ஐந்து இதழ்.

அந்தப் படத்தை வரைந்தவள் நான், மாமா. உள்ளே இருக்கும் மகரந்தம் தெரிய வேண்டும் என்பதற்காக, முன்னால் இருந்த ஒரு இதழைக் கத்தரித்து எடுத்துவிட்டு வரைந்தேன். இந்த உலகத்தில் ஐந்து இதழோடு கரைவிளக்கு இருப்பது ஒரே இடத்தில்தான். அந்தப் பக்கத்தில்.

பிறகு உங்கள் அசல் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மற்ற இருபத்து மூன்றுக்கும் ஷேட் நம்பர் இருக்கிறது. இருபத்து நாலுக்கு அந்தக் கட்டம் காலி. புத்தகத்தில் படத்துக்குக் கீழே "நீலம்" என்று மட்டும்தான் இருக்கிறது, படம் கறுப்பு வெள்ளை, இல்லையா? சந்தோஷத்தில் நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அது என் தப்பு. ஆனால் பொய் உங்களுடையது.

மேனேஜர், தலைமை எழுத்தர், வேரைப் பிடித்துத் தொங்கியது, எல்லாம் சிரிப்பதற்கு நன்றாக இருக்கிறது. கீழே கையெழுத்து என்னுடையது. பட்டியல் முழுவதையும் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். இல்லாவிட்டால் விசாரணை. இருபத்து மூன்று நிஜப் பூக்களையும் உங்கள் ஒரு பூ தின்றுவிட்டது. அவற்றின் மேல்தான் சிமென்ட் விழப்போகிறது.

உங்களை நம்பாதவர்களை ஊரில் திட்டுவீர்களே. இனி எந்த முகத்தோடு திட்டுவீர்கள்?

பதில் வேண்டாம்.

*

மார்ச் 28

மருமகளே,

பதில் வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். வேண்டாம் என்றதைச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

திட்டை முழுவதும் இரண்டு தடவை படித்தேன். உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவள் மூன்றாவது தடவை படிக்கச் சொன்னாள்.

முதலில் ஒரு பதில் எழுதினேன். ஆறாவது இதழ் காற்றில் விழுந்திருக்கும் என்று. நல்ல பதில்தான், வாசித்தால் எனக்கே கண்ணில் நீர் வந்தது. கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. ஆறு நாள் அந்தப் பூவைத் தேடினேன். இது நிஜம். முழங்காலில் நடந்து பள்ளம் பள்ளமாகப் பார்த்தோம், குழாயும் பார்த்தான். இல்லை. ஆறாம் நாள் திரும்பும்போது பார்க்கிறேன், மேனேஜர் கூட்டத்துக்கு நட்டநடுவில் புதிதாக ஒரு சிவப்புக் குச்சி. பத்துப் பதினைந்து பூ அதன் கீழே நசுங்கிக் கிடந்தது. 61 அப்படியே மண்ணில் தேய்ந்திருந்தது. இருபத்து மூன்று இருந்தும் போதவில்லை, ஒன்றே ஒன்று இருந்தால் குச்சி நட முடியாது என்றாயே, அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டை விரித்து எழுதினேன். கை சரளமாக ஓடியது. பொய் எழுதும்போது என் கையெழுத்துகூட அழகாக வரும்.

கலர் கட்டத்துக்கு வந்தேன். பேனா நின்றுவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன். கார்டில் நீலம் மட்டும் பத்தொன்பது இருக்கிறது, ஏதாவது ஒன்றைப் போட்டிருந்தால் தீர்ந்தது. முடியவில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ வீட்டுக்காரரிடம் எத்தனையோ கதை விட்டிருக்கிறேன். நாளைக்கு வருகிறேன் என்றால் வரமாட்டேன். ஆனால் இந்த நம்பர் என்று சொல்லி வேறு நம்பரை ஒரு சுவரிலும் ஏற்றியதில்லை. அது மட்டும் வராது எனக்கு.

மறுநாள் குழாயிடம் நோட்டை நீட்டினேன். படித்தான். பென்சிலை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "ஒழுகுது" என்றான். நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டுப் போனவன் இன்றுவரை என் வீட்டுப் பக்கம் வரவில்லை. வயிற்று வலி என்று எழுதினேனே, அதுவும் பொய்தான். இதோடு கணக்குத் தீர்ந்தது. முதலை மட்டும் நிஜம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். முழுப் பட்டியலையும் திரும்பப் பெறாதே. பொய் சொன்னவன் நான். அந்த இருபத்து மூன்றும் என்ன பாவம் செய்தன? நான் புளுகன் என்பதற்காக அந்தச் செடிகள் முளைக்காமல் போய்விட்டனவா? கூட்டத்துக்கு நான் போகிறேன். எல்லோர் முன்னாலும் என் கையாலேயே அந்த வரியை அடிக்கிறேன். சிரிக்கட்டும். என்னைப் பார்த்துச் சிரிப்பது இந்த ஊருக்குப் புதிதா? சிரித்து முடித்ததும் கூட்டிக்கொண்டு போய்க் கரையைக் காட்டுவேன். ஒரு இன்ஜினியருக்கும் ஒரு மேலதிகாரிக்கும் பயந்து என் மருமகள் நிஜத்தையும் சேர்த்து வாபஸ் வாங்கினாள் என்று நான் ஊருக்குச் சொல்லமாட்டேன். அப்படி ஒரு கதை என்னிடம் இல்லை.

மாமா

*

ஏப்ரல் 1

மாமாவுக்கு,

இரண்டு நாள் உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

மேலதிகாரியிடம், இருபத்து நாலை மட்டும் திரும்பப் பெறுகிறேன், மீதியை மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் எந்த ஷேட் நம்பர் என்று உங்களிடம்தான் கேட்கவேண்டும். கூட்டத்துக்கு நான் போகக்கூடாது என்று உத்தரவு. 6-ம் தேதி எனக்கு இங்கே வேறு வேலை போட்டுவிட்டார். மற்ற பூக்களும் கற்பனை என்று அங்கே முடிவானால், கையெழுத்துப் போட்டவள் என்ற முறையில் என் வேலை போகும். பயமுறுத்தவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

"அது மட்டும் இருந்துவிட்டால்" என்று எழுதியது நான். தேடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் தேடியதோடு நிறுத்தியிருப்பீர்கள். நான் ஆசையைக் காட்டினேன். அந்த இடத்தில் எனக்கும் பங்கு உண்டு.

போங்கள். ஒரே ஒரு நிபந்தனை. குழாய் மாமா எதற்குக் குறி போடுவாரோ அதை மட்டும்தான் அங்கே பேசவேண்டும். அவர் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. அவரை எப்படிக் கூட்டி வருவீர்கள் என்பது உங்கள் பாடு.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஷேட் கார்டை மறக்காதீர்கள்.

மருமகள்

*

ஏப்ரல் 7

என் பூதக்கண்ணாடிக்கு,

இந்தக் கடிதத்தை நான் எழுத, குழாய் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறான். உன் நிபந்தனையைக் கூட்டத்தோடு விடமாட்டானாம். எழுத எழுத எனக்கு மூச்சு முட்டுகிறது.

3-ம் தேதி அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். இரண்டு கால் மட்டும்தான் வெளியே. அந்தக் காலிடமே பேசினேன். ஒரு மணி நேரம். (பத்து நிமிஷம் என்கிறான்.) கடைசியில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அடிச்சியா?"

"எதை?"

"இருபத்து நாலை."

"கூட்டத்துல, எல்லார் முன்னாலயும் அடிக்கிறேன்டா."

"ம்."

அப்புறம் ஒரு கை வெளியே வந்தது. "ஸ்பேனரை எடு" என்றது. எடுத்துக் கொடுத்தேன். எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

நேற்றுக் காலை எட்டரைக்குக் கூட்டம். நகராட்சி மாடியில் நீள அறை. என் காலத்தில் நான் அடித்த 12-ம் நம்பர் கிரீம் கலர் சுவர், இன்னும் உரியவில்லை. நானூறு பேர். (முப்பத்தொரு பேர். நாற்காலியை எண்ணியிருக்கிறான் பாவி.) தலைவராக ஒரு அம்மா, கண்ணாடிக்கு மேலே பார்க்கும் ரகம். இன்ஜினியர் சுத்தமான சட்டையில் வந்து, "அங்கே இருக்கிறது களைங்க. ஆட்சேபம் கொடுத்தவங்களே ஒரு பூ பொய்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. மத்ததுக்கு மட்டும் என்ன உத்தரவாதம்?" என்றார்.

நான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. (இதைக் கூட்டி எழுதவில்லை, அவனே ஒத்துக்கொள்கிறான்.)

"அந்தப் பொய்யை எழுதினது நான்தான்" என்றேன். "என் மருமக இல்ல. புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். அதையும் தப்பா எழுதினேன்."

அறை சிரித்தது. பின்னால் யாரோ, "பெயிண்டருக்கு இது புதுசா?" என்றார்கள். நோட்டை மேசைமேல் விரித்து, தலைவர் அம்மாவின் பேனாவையே கடன் கேட்டு வாங்கி, இருபத்து நாலை அடித்தேன். ஒரே கோடு. உள்ளே இருப்பதைப் படிக்கும்படியாக விட்டேன். மறைத்து அடித்தால் அதுவும் ஒரு பொய்தானே.

"அம்மா, நான் புளுகன். இந்த ஊருக்கே தெரியும். ஆனா மத்த இருபத்து மூணு வரிக்கும் கீழே இருக்கிற குறியைப் பாருங்க. இது பிளம்பர் குறி. உங்க வீட்டுலயும் ஏதாவது ஒரு குழாய் மேல இது இருக்கும். அது ஒழுகியிருக்கா?"

தலைவர் அம்மா குழாயைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வீட்டு மோட்டாருக்கு நீங்கதான வந்தீங்க?"

"ம்."

"பதினோரு வருஷம் ஆச்சு" என்றார் அந்த அம்மா, யாரிடமோ சொல்வது போல.

இன்ஜினியர் விடவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து உரக்கப் படித்தார். "வங்கி மேனேஜர். பத்து மணிக்குத் திறக்கும், இரண்டு மணிக்கு மூடும். இது ஆட்சேபமா, நாடகமா?" மறுபடியும் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நாடகமா இல்லையான்னு வந்து பாருங்க. ஆறு இங்கிருந்து ஏழு நிமிஷ நடை. மணி இப்ப ஒன்பதரை. அது பத்து மணிக்குத் திறக்கலேன்னா, உங்க சிமென்டை நானே கலந்து தரேன்!"

இந்த இடத்தில் குழாய் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். பந்தயம் நிபந்தனையில் இல்லையாம். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

தலைவர் அம்மா எழுந்து செருப்பைச் சரிபண்ணிக்கொண்டார். "வாங்க, பார்த்துடுவோம்."

நாற்பது பேர் கரைக்கு வந்தார்கள். (ஒன்பது பேர்.) உன் அத்தையும் வந்தாள். அவளை யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை. இன்ஜினியர் கடிகாரத்தைக் கழற்றிக் கையிலேயே பிடித்துக்கொண்டார். வளைவுக்குக் கீழே, அந்தக் குச்சி நட்ட இடத்தில் எல்லோரும் வட்டமாக நின்றோம். மேனேஜர்கள் எல்லாம் பச்சை ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு கம்மென்று இருந்தார்கள்.

மேலே பார்த்தேன். மேகம்.

மருமகளே, இத்தனை நாள் வெயிலில் மட்டுமே போயிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பத்து மணி. ஒன்றுமில்லை. பத்து ஐந்து. "பேங்க் இன்னைக்கு லீவா?" என்றார் இன்ஜினியர். எல்லோரும் சிரித்தார்கள், உன் அத்தை சிரிக்கவில்லை. என் வாய்க்குள் ஆயிரம் கதை முட்டியது. இந்தப் பூ கூட்டத்தைக் கண்டால் கூச்சப்படும் என்று சொல்லலாம். நேற்றே திறந்து களைத்துவிட்டது என்று சொல்லலாம். வாயைத் திறந்தேன். குழாய் என் கையைப் பிடித்து, "பேசாதே. பாரு" என்றான். முப்பது வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசியது அன்றுதான்.

பேசவில்லை. கார்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் வேலை, அந்தக் கரை, எல்லாம் ஒரு மேகத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அந்த அம்மா சும்மா நிற்கவில்லை. நோட்டைப் புரட்டி, "ஒன்பதாம் நம்பர் எங்கே?" என்றார். குழாய் நாலடி தள்ளிக் காட்டினான். "இதழ் நாலு, நம்பர் 117" என்று படித்துவிட்டு, என் கையிலிருந்து கார்டை வாங்கித் தானே குனிந்து வைத்துப் பார்த்தார். "பதினாறு?" காட்டினான். "இருபது?" காட்டினான். வைத்தார், பார்த்தார். அவர் முழங்கால் முழுக்கச் சேறு.

அப்போது பின்னால் உன் அத்தை, "ஏங்க" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் என்னைக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! திரும்பினேன். மேகம் விலகியிருந்தது. அவள் காலடியில் ஒரு மேனேஜர் மெல்ல விரிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொருவர். அப்புறம் கரை முழுக்க, ஒவ்வொரு கவுன்டராக. இன்ஜினியர் ஒரு கால் எடுத்துப் பின்னால் வைத்தார். எதையாவது மிதித்துவிடுவோமோ என்று குனிந்து பார்த்தபடி வைத்தார். அந்த மனுஷனை எனக்கு அங்கே கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

அதன்பிறகு அந்த அம்மா மீதி வரிகளையும் பாலம் வரை நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். முடிவு இது. வளைவிலிருந்து பம்ப் ஹவுஸ் வரை சிமென்ட் கிடையாது. நடைபாதை மேலே ரோட்டோரமாகப் போகும். குச்சிகளை நேற்று மாலையே பிடுங்கிவிட்டார்கள். அந்த அம்மா உன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இருபத்து மூன்றும் இருக்கிறது, தன் கண்ணால் பார்த்ததாக. உன் மேலதிகாரி அதைப் படிக்கும்போது அவர் முகத்தின் நம்பரைக் குறித்து வை.

ஆனால் பாலத்திலிருந்து வளைவு வரை போய்விட்டது. அங்கே வேலை ஏற்கெனவே தொடங்கியாயிற்றாம். நம் பட்டியலில் நாலு பூ அந்தப் பக்கம் மட்டும்தான் இருந்தது. இன்று காலை கலவை மிஷின் ஓடுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. நானும் குழாயும் போய் நின்றோம். போடட்டும். சுவர் என்று ஒன்று இருந்தால் அதில் விரிசல் விழும். நாற்பத்திரண்டு வருஷமாக அதை அடைத்த கை இது. இந்தச் சுவரில் விழும் விரிசலை மட்டும் நான் அடைக்கமாட்டேன், வேறு ஒருவனையும் அடைக்க விடமாட்டேன். ஒவ்வொரு வசந்தத்துக்கும் போய் உட்கார்ந்து பார்ப்பேன். அந்த நாலில் ஒன்று தலையை நீட்டும் நாளில் உனக்குத் தந்தி வரும். (தந்தி இப்போது இல்லை என்கிறான். கடிதம் வரும்.)

உன் அத்தை திரும்பி வரும் வழியில், "அந்த முள்ளுப் பூ எது, காட்டுங்க" என்றாள். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

கடைசியாக, நோட்டில் நேற்றைக்கு எழுதிய வரியை அப்படியே கீழே எழுதுகிறேன். பத்து மணி என்று போட்டிருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். அந்த ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு நேரம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ராத்திரி முழுக்க மனசு பத்து பத்து என்றே அடித்துக்கொண்டது.

ஏப்ரல் 6. வளைவுக்குக் கீழே. மஞ்சள், எட்டு இதழ், ஷேட் 61. முதலில் மேகம். திறந்த நேரம் பத்து இருபது.

குழாய் பென்சிலை எடுத்துவிட்டான்.

மாமா